இரண்டு டிக்கெட்டுக்கு நடுவே

திருச்சியில் டிராவல் ஏஜென்சி நடத்துகிறவனிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு வரும்?" அடுத்தது, "நெட்ல இதைவிடக் கம்மியா காட்டுதே?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இத்தனை வருடத்தில் விலையால் கெட்ட பயணம் ஒன்றைக்கூட நான் பார்த்த ஞாபகம் இல்லை. விமானமோ ஹோட்டலோ படுமோசமாக இருந்து கெட்டவையும் கொஞ்சம்தான். ஒரு டிக்கெட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம், விமானம் இறங்கியதிலிருந்து ஹோட்டல் அறை கிடைக்கும் வரையிலான நேரம், பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்கும் டிக்கெட்டில் உள்ள பெயருக்கும் உள்ள வித்தியாசம், இங்கேதான் எல்லாம் சிக்கலாகிறது. விமானக்காரர்கள் "இறக்கி விட்டாச்சு" என்பார்கள். ஹோட்டல்காரர்கள் "இன்னும் நேரம் ஆகலையே" என்பார்கள். நடுவில் பெட்டியோடு நிற்பது பயணி.

முதலில் தேதி. எங்கள் ஊரிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் பக்கம் போகும் விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புபவை. 15ஆம் தேதி 00:40 என்று டிக்கெட்டில் இருந்தால், 14ஆம் தேதி ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நம்மவர்களுக்குப் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். அதனால் 15ஆம் தேதி இரவு மாலை மரியாதையோடு, வழியனுப்ப வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு விமான நிலையத்துக்கு வந்து இறங்குவார்கள். விமானம் முந்தின நாளே போயிருக்கும். இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. சொல்லப்போனால் படித்தவர்கள்தான் டிக்கெட்டை ஒருமுறை பார்த்துவிட்டு "தெரியும் தெரியும்" என்று பையில் வைத்துவிடுகிறார்கள். நான் இப்போதெல்லாம் டிக்கெட்டின் மேலேயே கையால் எழுதிக் கொடுத்துவிடுவேன்: "சனிக்கிழமை இரவு 9 மணிக்கு ஏர்போர்ட் வாசலில் இருக்கவும்." கிழமையை எழுதினால் குழப்பம் பாதி போய்விடும்.

அந்த நள்ளிரவு விமானம் விடியற்காலையில் கோலாலம்பூரில் இறக்கிவிடும். ஹோட்டல் அறை மதியம் 2 மணிக்கோ 3 மணிக்கோதான். நெட்டில் தாங்களே போட்டுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது. ராத்திரி முழுக்கத் தூங்காத அப்பா அம்மாவும் இரண்டு குழந்தைகளும் ஹோட்டல் வரவேற்பறை சோபாவில் எட்டு மணி நேரம் சாய்ந்து கிடந்தால், மீதி நான்கு நாளும் அந்தக் களைப்பும் சண்டையுமாகத்தான் போகும். இதற்கு இரண்டு வழி. முந்தின இரவுக்கும் சேர்த்து அறை போட்டுவிடுவது. காசு கூடத்தான், ஆனால் வயதானவர்கள் வந்தால் நான் இதைத்தான் வற்புறுத்துவேன். இல்லையென்றால் அந்தக் காலைப் பொழுதை வழியிலேயே கழிப்பது. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகும் வழியில் புத்ராஜெயா இருக்கிறது. நிதானமாகப் பார்த்து, சாப்பிட்டு, மதியம் அறைக்குப் போய்ச் சேரலாம். பலர் அந்த முதல் நாள் காலையிலேயே நேராகப் பத்துமலைக்கு வண்டியை விடச் சொல்வார்கள். முருகனைக் கும்பிட்டுவிட்டுத் தொடங்கலாம் என்ற ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் 272 படி. தூக்கமில்லாத கண்ணோடு அறுபது வயதுக்காரரை ஏற்றாதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்து, மறுநாள் வெயில் ஏறுமுன் போகட்டும், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது தனித்தனி டிக்கெட். ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இரண்டு விமானம் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தப்பினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் வேலை. இரண்டு பிஎன்ஆர் என்றால், முதலாமவருக்கு இரண்டாவது டிக்கெட் இருப்பதே தெரியாது. இரண்டாமவர் கணக்கில் நீங்கள் வராத பயணி. தனித்தனியாகப் போட்டால் மூவாயிரம், நான்காயிரம் மிச்சமாகத் தெரியும். விமானம் தப்பினால் கடைசி நேர விலையில் புது டிக்கெட் வாங்க வேண்டும், அது எத்தனை மடங்கு என்று சொல்ல முடியாது.

பணம் மட்டும் போனால் பரவாயில்லை. சிங்கப்பூர் வழியாக வேறொரு நாட்டுக்குப் போகிற ஒருவர், திருச்சி–சிங்கப்பூர் ஒரு கம்பெனியிலும் அங்கிருந்து அடுத்த விமானம் வேறு கம்பெனியிலும் தானே வாங்கியிருந்தார். சிங்கப்பூரில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். பெட்டியை எடுக்கக் குடிநுழைவைத் தாண்டி வெளியே வர வேண்டும். அதற்கு இந்திய பாஸ்போர்ட்காரருக்குப் பொதுவாகச் சிங்கப்பூர் விசா வேண்டும். அவரிடம் இருந்தது போகிற நாட்டின் விசா மட்டும். திருச்சி கவுன்ட்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் என் அலுவலகத்துக்கு வந்தார், அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது அதிகம் இல்லை.

விமான நிலையமே இரண்டாக இருக்கும் ஊர்களையும் கவனிக்க வேண்டும். பாங்காக்கில் சுவர்ணபூமி, தோன் முவாங் என்று இரண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கோலாலம்பூரில் ஒரே விமான நிலையத்துக்கு இரண்டு முனையம். ஏர் ஏசியா இரண்டாவது முனையம், மலேசியன் ஏர்லைன்ஸ் முதலாவது. டிக்கெட்டில் ஊர் பெயர் ஒன்றாகவே இருக்கும். பாங்காக்குக்கு மூன்றெழுத்துக் குறியீட்டையும் கோலாலம்பூருக்கு முனைய எண்ணையும் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானம் என்றால் நான் சொல்வது பழைய வழிதான். ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம். எதிரே விமான நிலையம். மதிய விமானத்துக்கு இது போதும். பொங்கல், தீபாவளிக் கூட்டத்தில் காரில் கிளம்பிச் செங்கல்பட்டு, பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டு அங்கிருந்து எனக்குப் போன் செய்கிறவர்கள் வருடா வருடம் உண்டு. நான் போனில் என்ன செய்வது?

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், விஷயம் தெரிந்தவர்களே சறுக்கும் இடம். திருச்சி–சென்னை–துபாய் என்று ஒரே டிக்கெட் இருக்கிறது. சென்னையில் ஒரு கல்யாணம், முதல் நாளே ரயிலில் போய்விட்டு நேராகச் சென்னையில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். காசு கட்டியது முழுசுக்கும்தானே என்ற கணக்கு. முதல் கட்டத்தில் ஏறவில்லை என்றால் மீதி எல்லாவற்றையும், திரும்பி வரும் பயணம் உட்பட, கணினி ரத்து செய்துவிடும். முன்கூட்டியே சொன்னால் சில சமயம் மாற்றித் தருவார்கள், சொல்லாமல் விட்டால் வழியில்லை.

இப்போது பெயர். மற்ற மாநிலத்து ஏஜென்டுகளுக்கு இந்தத் தலைவலி இந்த அளவுக்கு இருக்காது என்று நினைக்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்துதான். பெரியசாமி மகன் முருகேசன். ஆதாரில் பி. முருகேசன். பாஸ்போர்ட் எடுக்கும்போது யாரோ ஒரு இன்டர்நெட் சென்டரில் நிரப்பித் தந்திருப்பார்கள். சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் பெரியசாமி, சிலருக்கு முருகேசன் பெரியசாமி என்று முழுப் பெயரும் ஒரே கட்டத்தில், பலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. விமான நிறுவனத்தின் இணையதளம் இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகர விடாது. சில கம்பெனிகள் அதே பெயரை இரண்டு இடத்திலும் போடச் சொல்லும். சில 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது), 'எல்என்யூ' (கடைசிப் பெயர் தெரியாது) என்று ஏதாவது ஒன்றைப் போடச் சொல்லும். ஒரு கம்பெனியின் வழி இன்னொன்றுக்குச் செல்லாது. அதனால் காலிக் கட்டத்தோடு ஒரு பாஸ்போர்ட் வந்தால், அந்தந்தக் கம்பெனியின் விதியைப் பார்க்காமல் நான் விசைப்பலகையைத் தொடுவதில்லை.

2022 நவம்பரில் இது பெரிய பிரச்சினையாகவே ஆனது. ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். அந்த நவம்பரில் துபாய் போக இருந்த தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கிறவர்களுக்கும் புதுப்பிக்கிறவர்களுக்கும் நான் சொல்வது, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், அப்பா பெயரை அங்கே எழுதுங்கள். குழந்தைகளுக்குக் கட்டாயம்.

கல்யாணமான பெண்கள் விஷயம் இன்னும் நுணுக்கமானது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், ஆதாரில் கணவர் பெயர், வாட்ஸ்அப்பில் எனக்குத் தட்டச்சு செய்து அனுப்பும்போது செல்லப் பெயர். அப்புறம் ழகரம். ஒருத்தர் அதற்கு இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். அதனால் என்னிடம் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அதில் இருக்கிறபடியே நான் அடிக்கிறேன். டிக்கெட் கைக்கு வந்ததும் நீங்களும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அன்றைக்கே கண்டுபிடித்தால் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவது சுலபம். பயணத்துக்கு முந்தின நாள் கண்டுபிடித்தால் ரத்தக்கொதிப்பு வந்துவிடும். போட்டோவைப் பார்க்கும்போதே பாஸ்போர்ட் காலாவதி தேதியையும் பார்த்துவிடுவேன். பயண நாளிலிருந்து ஆறு மாதம் இல்லையென்றால் பல நாடுகள் ஏற்காது.

விலை பற்றிச் சொல்லாமல் போனால் கோபிப்பீர்கள். ஒரே விமானத்தின் இருக்கைகள் பல விலை அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கீழ் அடுக்கு தீர்ந்ததும் அடுத்தது திறக்கும், அவ்வளவுதான். நீங்கள் ஐந்து பேருக்குத் தேடும்போது, கீழ் அடுக்கில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், பெரும்பாலும் ஐந்து பேருக்கும் மேல் அடுக்கு விலையையே கணினி காட்டும். ஒருவருக்குத் தேடிப் பாருங்கள், விலை குறைந்தால் காரணம் இதுதான். மூன்று பேரை ஒரு பிஎன்ஆரிலும் இரண்டு பேரை இன்னொன்றிலும் போட்டுக் காசை மிச்சப்படுத்தலாம். ஆனால் விமானம் ரத்தாகி வேறொன்றில் மாற்றும்போது, நீங்கள் ஒரே குடும்பம் என்று கணினிக்குத் தெரியாது. அம்மா காலை விமானத்திலும் குழந்தைகள் மாலை விமானத்திலும் விழுந்த கதை உண்டு. எனவே பிரித்தால் ஒவ்வொரு பிஎன்ஆரிலும் ஒரு பெரியவராவது, போன் பேசத் தெரிந்தவராக இருக்கும்படி பிரிப்பேன். இரண்டு வயது முடியாத குழந்தை மடியில் வரலாம். ஆனால் போகும்போது இரண்டு முடியாமல், திரும்பும்போது முடிந்திருந்தால் திரும்புவதற்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். பிறந்த தேதியைக் கேட்கும்போது "சின்னக் குழந்தைதான் சார்" என்று பதில் சொல்லாதீர்கள்.

காசிக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் வெளிநாட்டுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்பது காசி, கயா, பிரயாக்ராஜ். வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள், வாழ்நாளில் முதல் விமானம் அதுதான் என்பவர்களும் உண்டு. மகன் எங்கோ வெளியூரிலிருந்து பணம் அனுப்புவார், "அண்ணே, அவங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது" என்பார். இந்தப் பயணத்தில் விமானத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது அறையைப் பற்றித்தான். காசியில் 'கட்டத்துக்கு 200 மீட்டர்' என்று ஹோட்டல் விளம்பரம் இருக்கும், கட்டம் என்றால் கங்கைப் படித்துறை. அந்த 200 மீட்டர் எப்படிப்பட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குறுகிய சந்து, மாடு, ஈரக்கல், அதற்குப் பிறகு படிக்கட்டு. கார் அந்தச் சந்துக்குள் வராது, முக்கியச் சாலையிலேயே நிற்கும், சாயங்கால ஆரத்தி நேரத்தில் அதையும் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். நதியைப் பார்த்த பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. அதனால் ஹோட்டலுக்குப் போன் செய்தால் நான் கேட்பது நட்சத்திரம் எத்தனை என்று இல்லை. கார் எங்கே நிற்கும், அங்கிருந்து வாசலுக்கு எத்தனை நிமிட நடை, எத்தனை படி, அறை எந்த மாடி, கழிப்பறை மேற்கத்திய வகையா, காலை நான்கு மணிக்கு வெந்நீர் வருமா. இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்கிற ஹோட்டல்காரரை எனக்குப் பிடிக்கும். "எல்லாம் இருக்கு சார்" என்று ஒரே மூச்சில் சொல்கிறவரை நம்ப மாட்டேன். சாப்பாட்டுக்கும் சடங்குக்கும் அனுமன் கட்டத்துப் பக்கம் தங்கினால் தமிழ் பேசுகிற ஆள் கிடைப்பார். நகரத்தார் சத்திரம் பல தலைமுறைகளாக இருக்கிறது. ஆடம்பரத்தை எதிர்பார்க்காதவர்களுக்கு அது போதும்.

மார்கழி, தை மாதங்களில் வடக்கே பனிமூட்டம். காசிக்குக் காலையில் இறங்க வேண்டிய விமானம் மத்தியானம் இறங்கும், சில நாள் இறங்காமலே போகும். அந்த மாதங்களில் போவதென்றால் பகல் நேர விமானமாகப் பார்ப்பேன், இறங்கிய அன்று சடங்கு எதையும் வைக்க மாட்டேன். கயாவுக்குச் சாலை வழி சுமார் 250 கிலோமீட்டர். அதே நாளில் போய்த் திரும்பலாம் என்று சொல்கிற டிரைவர் கிடைப்பார். சொல்வது அவர் தொழில், முட்டி வலிப்பது உங்கள் அம்மாவுக்கு. அங்கே ஒரு இரவு தங்கட்டும். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு பலர் கடைசி நிமிடத்தில் கேட்கிறார்கள். போகும் டிக்கெட்டும் வரும் டிக்கெட்டும் தனித்தனி என்றால் இரண்டிலும் பதிய வேண்டும்.

வெளிநாட்டு ஹோட்டல்களில் ஒரு சின்ன விஷயம் பெரிய சண்டையாகும். பேக்கேஜில் எல்லாம் அடக்கம் என்று சொல்லியிருப்போம். மலேசியாவில் ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியை ஹோட்டல் கவுன்ட்டரிலேயே கட்டச் சொல்வார்கள். துபாயிலும் இப்படி ஒன்று உண்டு, ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து அறைக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை. போதாததற்கு முன்பணம் வேறு பிடித்து வைப்பார்கள், அது திரும்பக் கிடைக்கும். இதை முன்பே சொல்லாவிட்டால் ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான் என்றுதான் தோன்றும். அங்கே 'டிரிப்பிள் ரூம்' என்பது பெரும்பாலும் இரட்டைக் கட்டிலும் ஒரு மடக்குக் கட்டிலும்தான். சிங்கப்பூரில் அந்த மடக்குக் கட்டிலை விரித்தால் பெட்டியைத் திறக்க இடம் இருக்காது. ஆனாலும் சிராங்கூன் சாலைப் பக்கம் தங்குவதுதான் நம்மவர்களுக்கு நிம்மதி. இட்லி கீழே இறங்கினால் கிடைக்கும், முஸ்தபா கடைக்கு நடந்தே போகலாம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதையும் கேட்டுவிடுவேன். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கக் கூடியது, விமானத்தில் விடமாட்டார்கள். கற்பூரமும் அப்படித்தான். இருமுடியோடு போகும் ஐயப்ப பக்தர்களுக்கு மட்டும் 2024-25 சீசனில் தேங்காயைக் கையில் கொண்டு போகத் தற்காலிக அனுமதி தந்தார்கள். இதுபோன்ற அனுமதி அந்தந்த வருடத்துக்குத்தான், சென்ற வருடம் விட்டார்களே என்று வாதாடிப் பயனில்லை. மகள் வீட்டுக்குக் குருமா மசாலா அரைத்துக் கொண்டு போகும் அம்மாக்களிடம் கசகசா இருக்கிறதா என்று தனியாகக் கேட்பேன். துபாயிலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். அம்மாக்கள் சிரிப்பார்கள். துபாய்ச் சுங்கத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். வாயில் அடக்கும் புகையிலையைச் சிங்கப்பூருக்குக் கொண்டு போகாதீர்கள், பழக்கம் இருந்தாலும்.

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், வருவதற்கு முந்தின மூன்று நாளுக்குள். தாய்லாந்தில் இது 2025 மே 1 முதல். மூன்றும் இலவசம். தேடினால் அரசாங்கத் தளம் மாதிரியே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் முதலில் வரும், காசு கேட்டால் அது போலி என்று மூடிவிடுங்கள்.

கடைசியாக எங்கள் தொழில் பற்றி. விமான நிறுவனங்கள் ஒரு காலத்தில் ஏஜென்டுக்குக் கணிசமான கமிஷன் கொடுத்தன. இப்போது பெரும்பாலும் இல்லை. அதனால் சேவைக் கட்டணம் வாங்குகிறோம். அதை மறைக்காமல் பில்லில் தனியாகக் காட்டும் ஏஜென்டிடம் போங்கள். ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டானாலும் ரீஃபண்ட் கொடுக்கும் பொறுப்பு விமான நிறுவனத்துக்குத்தான் என்பது விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. 'நான்-ரீஃபண்டபிள்', அதாவது பணம் திரும்பாத டிக்கெட்டை ரத்து செய்தாலும் விமான நிலையப் பயனாளர் கட்டணம் போன்றவை திரும்ப வர வேண்டும், கேட்டு வாங்குங்கள். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்டும் பறப்பதை நிறுத்தியபோது, முன்கூட்டியே காசு கட்டியிருந்தவர்கள் பாடு என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும். நெடுநாள் கழித்துப் போகும் பயணத்துக்கு கிரெடிட் கார்டில் கட்டுவது ஓரளவு பாதுகாப்பு, வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும்.

டிக்கெட் போடும்போது ஏஜென்டின் போன் நம்பரோடு உங்கள் நம்பரையும் மெயிலையும் சேர்க்கச் சொல்லுங்கள். நேரம் மாறினால் தகவல் பதிவில் இருக்கும் நம்பருக்கு மட்டும்தான் போகும். ஏஜென்ட் கொடுத்த தாளோடு விடாமல், விமான நிறுவனத்தின் தளத்தில் அந்தப் பிஎன்ஆரை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். 'கன்ஃபர்ம்ட்' என்று இருக்கிறதா, டிக்கெட் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஹோல்ட்' என்று இருந்தால் இன்னும் காசு கட்டவில்லை என்று அர்த்தம், குறித்த நேரத்துக்குள் கட்டாவிட்டால் அது தானாகவே விழுந்துவிடும். அன்றைக்கே ஏஜென்டுக்குப் போன் போடுங்கள். நான் ஏஜென்டாக இருந்தாலும் போடுங்கள்.